ஒத்துப்போகாத ஆமைகள்: தடுப்பா, தனி வீடா, தத்தா?

"அக்கா, குஞ்சுல இருந்து ரெண்டும் ஒண்ணாத்தான் வளர்ந்துச்சு. ஒரே தட்டுல சாப்பிடும், ஒரே மூலையில தூங்கும். இப்ப ஒண்ணு இன்னொண்ணைத் துரத்தித் துரத்திக் கடிக்குது."

இங்கிலாந்தில் ஆமை வளர்க்கும் நம்மவர்களிடமிருந்து ஏப்ரல், மே மாதங்களில் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கும். ஹெர்மன் ஆமையாகவோ ஹார்ஸ்ஃபீல்டு ஆமையாகவோ இருக்கும், இரண்டும் தரையில் வாழும் சிறிய ஆமை இனங்கள். பிள்ளைகள் கேட்டார்கள் என்று ஆறேழு வருடத்துக்கு முன்னால் ஜோடியாக வாங்கியிருப்பார்கள். "ஒன்று தனியாக இருந்தால் பாவம்" என்று கடைக்காரரும் சொல்லியிருப்பார். குளிர்கால உறக்கம் முடிந்து எழுந்ததும் சண்டை தொடங்கியிருக்கும்.

இந்த நிலையில் இருப்பவர்கள் யோசிக்கும் வழிகள் பெரும்பாலும் ஐந்து. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பது, இருக்கும் இடத்தைப் பெரிதாக்கி மாற்றி அமைப்பது, இன்னும் சில பெண் ஆமைகளை வாங்கிச் சேர்ப்பது, ஒரே வீட்டில் இரண்டையும் நிரந்தரமாகப் பிரித்து வைப்பது, ஒன்றை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டில் ஒன்றாவது ஆணாக இருந்தால் கடைசி இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் பெண்ணாக இருந்தால் மட்டும் இரண்டாவது வழியை முயன்று பார்க்கலாம். முதல் வழியையும் மூன்றாவது வழியையும் யாருக்கும் நான் சொல்வதில்லை. காரணங்களைப் பார்க்கலாம்.

நடப்பது சண்டைதானா?

சத்தமாக நடக்கும் சண்டையைக் கண்டுகொள்வது சுலபம். ஆண் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு ஓட்டின் முன்விளிம்பால் மற்றதை முட்டும். இரண்டு கொட்டாங்குச்சிகளை மோதவிட்டது போல டொக், டொக் என்று சத்தம் வரும். பிறகு முன்னால் சுற்றி வந்து முன்கால்களைக் கடிக்கும். கடிபட்டது கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றுவிடும். உடனே பின்னால் போய் மேலே ஏறப் பார்க்கும். எதிரில் இருப்பது ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் இதே ஆட்டம்தான்.

சத்தமில்லாத சண்டையைத்தான் பல வருடம் யாரும் கவனிப்பதில்லை. ஒன்று சூடு தரும் விளக்கடியில் படுத்திருக்கும், மற்றது எப்போது பார்த்தாலும் மூலையில் மண்ணுக்குள் புதைந்திருக்கும். ஒன்று சாப்பாட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒன்று எங்கே போனாலும் இன்னொன்று பின்னாலேயே போகும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கும் படத்தை அனுப்பி, "எவ்வளவு பாசம் பாருங்க" என்று எழுதுவார்கள். அங்கே நடப்பது சூடான இடத்துக்கான போட்டி. பெரியது அந்த இடத்தை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் சமையலறைத் தராசைக் கொண்டுவந்து வாரம் ஒருமுறை இரண்டையும் எடை போட்டு எழுதி வையுங்கள். மே, ஜூன் மாதங்களில் ஒழுங்காகத் தின்னும் ஆமை எடை கூட வேண்டும். ஒன்று கூடிக்கொண்டே போய், மற்றது அப்படியே நின்றாலோ குறைந்தாலோ, வேறு அத்தாட்சி தேவையில்லை. ஒடுங்கிக் கிடப்பதன் வால் பக்கத்தையும் பின்னங்கால்களையும் தூக்கிப் பாருங்கள். ஆண் ஹெர்மன் ஆமையின் வால்நுனியில் நகம் போல ஒரு கெட்டியான முனை உண்டு. மேலே ஏறும்போது அதைப் பெண்ணின் வாலடியில் குத்திக்கொண்டே இருக்கும். அதனால் அந்த இடம் சிவந்து, வீங்கி, தோல் கிழிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். கோடையில் அந்தப் புண்ணில் ஈ முட்டையிட்டால் ஓரிரு நாளிலேயே புழு வைத்துவிடும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் முதலில் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். ஐந்து வழிகளையும் அப்புறம் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு ஆபத்து, கவிழ்ந்துபோவது. முட்டப்பட்ட ஆமை மல்லாந்துவிட்டால், பக்கத்தில் ஊன்றிக்கொள்ளக் கல்லோ கட்டையோ இல்லையென்றால் திரும்ப எழ முடியாமல் போகலாம். ஆமையின் நுரையீரல் முதுகு ஓட்டை ஒட்டி இருக்கிறது. மல்லாந்து கிடக்கும்போது குடலும் மற்ற உறுப்புகளும் அதன்மேல் அழுத்தும். மேலே வெயிலோ விளக்கோ இருந்தால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். நீங்கள் வேலைக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் நடந்துவிடக்கூடிய விஷயம் இது.

அப்படியானால் இத்தனை வருடம் எப்படிச் சேர்ந்து இருந்தன? குஞ்சுகளாக இருந்தன, அதனால்தான். வாங்கும்போது ஐந்து, ஆறு சென்டிமீட்டர் நீளம். அந்த அளவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது. பத்து சென்டிமீட்டரைத் தாண்டிய பிறகுதான் ஆணின் வால் நீண்டு தடிக்கும், அடிப்பக்க ஓடு சற்றே உட்குழியும். "அண்ணன் தங்கை" என்று சொல்லி விற்றதெல்லாம் ஊகம். அதோடு, இந்த ஆமைகளில் முட்டை இருக்கும் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. ஹெர்மன் ஆமைக்குச் சுமார் 31.5 டிகிரிக்கு மேலே போனால் பெண், கீழே இருந்தால் ஆண். ஒரே பெட்டியில், ஒரே சூட்டில் பொரித்த இரண்டு குஞ்சுகள் இரண்டுமே ஆணாக இருப்பது சர்வசாதாரணம். வயதுக்கு வந்ததும் இயல்பு வெளியே வருகிறது.

வயதான பிறகும் இது வரலாம் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரில் உள்ள ஊர்வனக் காட்சிசாலையில் இருந்த பிபி, போல்டி என்ற இராட்சத ஆமை ஜோடி. இரண்டுக்கும் ஏறத்தாழ 115 வயது. அந்தக் காட்சிசாலையில் மட்டும் 36 வருடம் சேர்ந்து இருந்தவை. ஒருநாள் பிபி, அதாவது பெண், போல்டியின் ஓட்டில் ஒரு துண்டைக் கடித்து எடுத்துவிட்டது. திரும்பச் சேர்த்து வைக்க ஊழியர்கள் எவ்வளவோ முயன்றார்கள், நடக்கவில்லை. கடைசியில் தனித்தனி இடத்தில்தான் வைத்தார்கள். 2012இல் இது உலகம் முழுக்கச் செய்தியானது. ஊர்வனவற்றோடே வாழும் ஆட்களாலேயே முடியாததை நம் வீட்டுப் பின்கட்டில் பேசித் தீர்த்துவிடலாம் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

பொறுத்துப் பார்ப்பதும் இடத்தைப் பெரிதாக்குவதும்

பொறுத்துப் பார்ப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஆணின் வேகம் வசந்தத்திலும் கோடை முடிவிலும் ஏறும், நடுவில் கொஞ்சம் தணியும். தணியும்போது "சரியாகிவிட்டது" என்று தோன்றும். அடுத்த ஏப்ரலில் ஆமை இன்னும் பெரிதாகி, இன்னும் பலமாகி வரும். அதற்குள் ஒடுங்கிப்போனது ஒரு கோடை முழுக்கச் சரியாகத் தின்னாமல், அரைகுறை எடையோடு குளிர்கால உறக்கத்துக்குப் போயிருக்கும். உறக்கத்தில் செத்துப்போகும் ஆமைகளில் இந்தக் கதையுள்ளவை உண்டு.

இடத்தைப் பெரிதாக்குவது அப்படித் தள்ளிவிடக் கூடிய யோசனை இல்லை. இரண்டும் பெண்ணாக இருக்கும் வீடுகளில் அது உண்மையாகவே வேலை செய்கிறது. பெண்களுக்குள் சண்டை பெரும்பாலும் வெயில் காயும் இடத்துக்காகவும் முட்டையிடும் இடத்துக்காகவும்தான் வரும். ஒரு விளக்கு இருந்த இடத்தில் இரண்டு விளக்கு, ஒளிந்துகொள்ள ஒரு இடம் இருந்ததற்குப் பதில் மூன்று, சாப்பாடு ஒரே தட்டில் இல்லாமல் தோட்டம் முழுக்கத் தூவல், நடுவில் புதர்களும் கற்களும் மண்மேடும் வைத்து ஒன்றை ஒன்று பார்க்காமல் நடக்க வழி. இவ்வளவும் செய்தால் இரண்டு பெண் ஆமைகள் அமைதியாகிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். செய்த பிறகும் தராசு மாறவில்லையென்றால் பிரித்துவிட வேண்டியதுதான்.

ஆண் இருக்கும் இடத்தில் இது பலிக்காது. இடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பலிக்காது என்பதற்கு வடக்கு மாசிடோனியாவில் பிரெஸ்பா ஏரிக்குள் இருக்கும் கோலெம் கிராட் தீவைப் பாருங்கள். சுமார் 20 ஹெக்டேர் தீவு, சுற்றிலும் செங்குத்துப் பாறை. அங்கே ஹெர்மன் ஆமைகள் காட்டில் தாமாகவே வாழ்கின்றன, ஆனால் பெண்களைவிட ஆண்கள் பல மடங்கு அதிகம். ஒவ்வொரு பெண்ணின் பின்னாலும் ஆண்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. பெண்களின் வாலடி புண்ணாகிக் கிடக்கிறது, பெண்களின் எடை குறைகிறது, தப்பிக்கும் அவசரத்தில் சில பாறை விளிம்பிலிருந்து விழுந்து சாகின்றன. இதையெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் அங்கேயே இருந்து பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு தீவே போதாதபோது லண்டன் வீட்டுத் தோட்டத்தில் இன்னும் இரண்டு மீட்டர் கூட்டுவதால் என்ன ஆகிவிடப் போகிறது?

பெண் ஆமைகளை வாங்கிச் சேர்க்கும் யோசனை

ஒரு ஆணுக்கு மூன்று, நான்கு பெண்கள் இருக்க வேண்டும் என்ற விதியை ஆமை வளர்ப்பவர்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். குட்டி எடுப்பதற்காகப் பெரிய இடத்தில் கூட்டமாக வளர்ப்பவர்களுக்கான கணக்கு அது. ஆணின் தொல்லை ஒரே பெண்ணின்மேல் விழாமல் பங்கு போடப்படும் என்பதுதான் அதன் அடிப்படை. தொல்லை குறைவதில்லை.

அதைவிட எனக்குக் கவலை தருவது நோய். ஆமைகளுக்கு வரும் ஹெர்பிஸ் வைரஸ் சிலவற்றின் உடம்பில் எந்த அறிகுறியும் காட்டாமல் வருடக்கணக்கில் இருக்கும். தொடையில் முள் போன்ற முனையுள்ள கிரேக்க ஆமை அதைச் சுமந்துகொண்டு நன்றாகவே நடமாடும். அதே வைரஸ் ஹெர்மன் ஆமைக்கும் ஹார்ஸ்ஃபீல்டு ஆமைக்கும் போனால் வாயெல்லாம் புண்ணாகி, தின்ன முடியாமல் செத்துப்போகும். மூக்கு ஒழுகும் மைக்கோபிளாஸ்மா தொற்றும் இப்படித்தான் புது ஆமையோடு உள்ளே வருகிறது. அதனால்தான் வேறு வேறு இன ஆமைகளைச் சேர்க்கவே கூடாது என்றும், ஒரே இனமாக இருந்தாலும் புதிதாக வந்ததை மாதக்கணக்கில் தனியே வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். இரண்டு ஆமைகளைப் பிரித்து வைக்க இடமில்லை என்று யோசிப்பவர் நான்கு ஆமைகளுக்கு எங்கே போவார்? ஐந்து வழிகளில் இதுதான் எல்லாவற்றையும்விட மோசமானது.

ஒரே வீட்டில் இரண்டு வீடு

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் இதை அரைகுறையாகச் செய்தால் பலன் இல்லை, எனவே கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

தடுப்பு, பார்வையை மறைக்க வேண்டும். கம்பி வலையோ கண்ணாடியோ வைத்துப் பிரித்தால், பலமானது நாள் முழுக்க அந்த வலையோரமாகவே நடந்து நடந்து மூக்கைத் தேய்த்துக்கொள்ளும். பலவீனமானது வலைக்கு அந்தப் பக்கம் எதிரியைப் பார்த்துக்கொண்டே ஒடுங்கிக் கிடக்கும். முன்பு இருந்த பயம் அப்படியே இருக்கும், கடி மட்டும்தான் இருக்காது. பலகையோ செங்கல்லோ நல்லது. ஹெர்மன் ஆமைக்கு 40 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் போதும், ஆனால் மூலைகளில் மேலே ஒரு சிறு பலகையைக் குறுக்கே அடித்துவிடுங்கள். மூலைகளில்தான் இரண்டு சுவரிலும் காலை ஊன்றி ஏறிவிடுகின்றன. ஹார்ஸ்ஃபீல்டு ஆமை மண்ணைத் தோண்டுவதில் கெட்டிக்காரி. அதற்குத் தடுப்பை 30 சென்டிமீட்டராவது மண்ணுக்குள் இறக்க வேண்டும், அல்லது ஓரம் நெடுக நடைபாதைக் கல் பதிக்க வேண்டும்.

தோட்டத்தை எப்படிப் பங்கிடுவது என்பதும் முக்கியம். நேர் பாதியாகக் கோடு கிழித்தால் வெயில் விழும் பாதி ஒன்றுக்கும் நிழல் பாதி இன்னொன்றுக்கும் போய்விடும். பிரிட்டனில் வெயில்தான் சொத்து. வெயில் இரண்டு பக்கமும் விழும்படி தடுப்பை வடக்குத் தெற்காகப் போடுங்கள், அல்லது சின்ன இடமாக இருந்தாலும் வெயிலுள்ள பக்கத்தை அடிபட்டதற்குக் கொடுங்கள். பெண் இருந்தால் அவளுக்குத்தான் நல்ல இடம். தெற்கே சரிந்த ஒரு மண்மேடு, மணல் கலந்த பொலபொலப்பான மண், 20 சென்டிமீட்டர் ஆழமாவது அவளுக்குத் தேவை. ஆண் பக்கத்தில் இல்லாவிட்டாலும் பெண் ஆமை முட்டையிடும். சேர்ந்திருந்த காலத்து விந்தைச் சில வருடம் வரை உடம்பில் சேமித்து வைத்துக்கொள்ளவும் அவளால் முடியும் என்பதால், பிரித்த பிறகு வரும் முட்டையும் பொரியலாம். இடம் பிடிக்காமல் முட்டையை அடக்கி வைத்துக்கொண்டால் ஆபத்து. அங்குமிங்கும் அலைந்து பின்னங்கால்களால் தோண்டித் தோண்டிப் பார்ப்பது, சாப்பாட்டை விட்டுவிடுவது, இவை இரண்டும் சேர்ந்து தெரிந்தால் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

செலவு இரட்டிப்புதான், அதை மறைக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் இரண்டு கூடு, வீட்டுக்குள் இரண்டு ஆமை மேசை (மேலே திறந்த பெரிய தொட்டி), இரண்டு வெப்ப விளக்கு, வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய இரண்டு யுவிபி குழல் (வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கு). 100 வாட் விளக்கு ஒரு நாளில் 12 மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட் மின்சாரம். இரண்டுக்கு 2.4 யூனிட். ஹெர்மன் ஆமை ஐம்பது வருடத்துக்கு மேலும் இருக்கும் என்பதால் இந்தக் கணக்கை இன்றைக்கே உட்கார்ந்து போட்டுப் பார்ப்பது நல்லது. குளிர்கால உறக்கத்துக்கும் தனித்தனிப் பெட்டிதான். குளிர்சாதனப் பெட்டியில் 5 டிகிரியில் தூங்க வைப்பவர்கள் ஒரே குளிர்சாதனப் பெட்டியின் இரண்டு தட்டுகளில் இரண்டையும் வைக்கலாம், அதில் தவறில்லை. எழுப்பும் வாரத்தில் மட்டும் கவனமாக இருங்கள். உறங்கி எழுந்த ஆணுக்கு முதல் பசி வருவதற்கு முன்பே சண்டை வந்துவிடும்.

தோட்டம் சின்னது என்றால் சிலர் முறை வைக்கிறார்கள். காலையில் ஒன்று வெளியே, மத்தியானம் மற்றது. ஒரு மாதம், இரண்டு மாதத்துக்குச் சமாளிக்க இது போதும். ஆனால் ஆமைகள் ஒன்றை ஒன்று வாசனையால் அறிகின்றன. ஒன்று சுற்றிவிட்டுப் போன மண்ணில் மற்றது வந்ததும் மோந்து மோந்து தேடும். பலவீனமானது அந்த வாசனையிலேயே ஒளிந்துகொள்வதையும் பார்க்கலாம். அதோடு இது வருடம் முழுக்க ஆள் நின்று பார்க்க வேண்டிய வேலை. பள்ளிக்கூடம், அலுவலகம் என்று ஓடும் வீட்டில் என்றைக்காவது ஒருநாள் ஒன்றை உள்ளே எடுக்காமலேயே இன்னொன்றை வெளியே விட்டுவிடுவார்கள். நிரந்தர ஏற்பாடாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் வரும் கேள்வி, "தனியாப் போட்டா ஏங்கிப் போகாதா?" கேட்பவர்களின் மனசு எனக்குப் புரிகிறது. நம் வீடுகளில் யாரையும் தனியாக விட்டுப் பழக்கமில்லை. ஆனால் இந்த ஆமைகள் காட்டில் தனித்தனியாகத்தான் வாழ்கின்றன. இனச்சேர்க்கைக்குச் சந்திக்கும், பிறகு அவை அவை தம் வழியே போகும். தாய் முட்டையைப் புதைத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் பவுடர்ஹாம் கோட்டையில் டிமோதி என்றொரு கிரேக்க ஆமை இருந்தது. கிரிமியப் போரில் 1854இல் செவஸ்டபோல் மீது குண்டு வீசிய கப்பலில் இருந்த ஆமை அது. 1926இல் ஜோடி சேர்க்கலாம் என்று பார்த்தபோதுதான் டிமோதி பெண் என்பதே தெரிந்தது. ஜோடியோ குட்டியோ இல்லாமல் ரோஜாத் தோட்டத்தில் நடமாடிக்கொண்டிருந்து 2004இல் இறந்தபோது அதற்கு ஏறக்குறைய 160 வயது என்று மதிப்பிட்டார்கள். நம் ஆமையும் தனியாக நன்றாகவே இருக்கும்.

பிரித்த முதல் ஒன்றிரண்டு வாரம் பலமானது தடுப்போரமாக நடந்துகொண்டே இருக்கலாம். அதைப் பார்த்து, "தேடுது பாவம்" என்று மறுபடி சேர்த்துவிடுபவர்கள் உண்டு. சேர்க்காதீர்கள். மற்றதைப் பாருங்கள். இத்தனை நாள் மண்ணுக்குள் கிடந்தது, கால்களையும் கழுத்தையும் முழுதாக நீட்டிப்போட்டு, கண்ணை மூடி, வெட்டவெளியில் வெயில் காயும். கழுத்துத் தோல் சுருக்கமெல்லாம் விரிந்து தெரியும். பயமுள்ள ஆமை ஒருநாளும் அப்படிப் படுக்காது. அப்புறம் தராசும் நகரத் தொடங்கும்.

ஒன்றைக் கொடுத்துவிடுவது

அடுக்குமாடி வீடு, தோட்டமே இல்லை, அல்லது இரண்டாவது மேசைக்கும் விளக்குக்கும் கையில் காசில்லை என்றால் ஒன்றைக் கொடுத்துவிடுவதுதான் நியாயம். குழந்தைகள் அழுவார்கள். ஒடுங்கிக் கிடக்கும் ஆமை ஐம்பது வருடம் அப்படியே கிடப்பதைவிட அந்த அழுகை சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். அடிபட்டதைக் கையில் எடுத்துக் காயத்தைக் காட்டி விளக்கினால் பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள்.

எதைக் கொடுப்பது? கடிக்கிறதைத்தானே என்று எல்லோரும் உடனே சொல்வார்கள். தனியாக இருந்தால் அதுவும் ஒரு பிரச்சினையும் இல்லாத ஆமைதான் என்பதை மறந்துவிடுகிறோம். நான் பார்ப்பது உடம்பை. காயத்தோடோ எடை குறைந்தோ இருப்பது வீட்டிலேயே இருக்கட்டும். இட மாற்றமே அதற்கு ஒரு சுமை. நன்றாகத் தின்று திடமாக இருப்பது புது இடத்தில் சீக்கிரம் நிலைகொள்ளும், பெரும்பாலும் கடிக்கும் ஆமை அதுவாகத்தான் இருக்கும். இரண்டும் திடமாக இருந்தால், பெண்ணை வைத்துக்கொண்டு ஆணைக் கொடுப்பதா, ஆணை வைத்துக்கொண்டு பெண்ணைக் கொடுப்பதா என்பதை உங்கள் இடம் தீர்மானிக்கட்டும். பெண்ணுக்கு முட்டையிட மண் வேண்டும். வீட்டுக்குள் மேசையில் மட்டுமே வளர்ப்பவர்கள் ஆணை வைத்துக்கொள்வதே சரி.

யாருக்குக் கொடுப்பது என்பதில் அவசரப்படக் கூடாது. வேறு ஆமை இல்லாத வீடு முதல் தரம். "எங்ககிட்ட ஏற்கெனவே மூணு இருக்கு, இதையும் சேர்த்துக்கறோம்" என்று சொல்பவரிடம் கொடுத்தால் அதே சண்டை வேறு முகவரியில் நடக்கும், போதாக்குறைக்கு நோயும் பரவும். ஆணை நாலைந்து பெண்களுள்ள பெரிய இடத்துக்குக் கேட்டாலும் தனியே வைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். பிரிட்டிஷ் கெலோனியா குரூப் போன்ற ஆமை அமைப்புகள் வீடு தேடிக் கொடுக்க உதவுகின்றன. இணையத்தில் இலவசம் என்று விளம்பரம் போடுவதைவிட அது பல மடங்கு நல்லது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மத்தியதரைக்கடல் ஆமைகளைக் காட்டிலிருந்து பிடித்துக் கொண்டுவந்து விற்பது 1984இல் நிறுத்தப்பட்டது. இன்றும் பிரிட்டனில் ஹெர்மன் ஆமையையோ கிரேக்க ஆமையையோ காசுக்கு விற்க ஆர்ட்டிகிள் 10 என்ற அரசுச் சான்றிதழ் வேண்டும். ஹார்ஸ்ஃபீல்டு ஆமைக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. காசு வாங்காமல் கொடுத்தாலும், சான்றிதழ் இருந்தால் அதைக் கூடவே கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் அந்த ஆமை எங்கிருந்து வந்தது என்று யாராலும் காட்ட முடியாது. பூங்காவிலோ காட்டோரத்திலோ விட்டுவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம். இந்த நாட்டுக் குளிரில் அது சாவு, 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, கிராமப்புறச் சட்டப்படி குற்றமும்கூட.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வீடுகளில் ரகசியமாக வைத்திருப்பது பெரும்பாலும் நட்சத்திர ஆமை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 2019இல் பன்னாட்டு வணிகமும் முழுதாகத் தடை செய்யப்பட்ட பட்டியலுக்கு அது போய்விட்டது. எனவே உங்களுக்குத் தடுப்பு, தனி மேசை என்ற பேச்சே இல்லை. இரண்டையும் வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி.

பிரித்து வைப்பதானாலும் கொடுப்பதானாலும் செய்ய வேண்டிய காலம் வசந்தமும் கோடைத் தொடக்கமும். புது இடத்தைப் பழகி, தின்று, எடை ஏற்றிக்கொண்டு உறக்கத்துக்குப் போக முழுசாக ஒரு பருவம் கையில் இருக்கும். செப்டம்பர் கடைசியில்தான் கண்டுபிடித்தீர்கள் என்றால் அன்றைக்கே ஒன்றை வேறு பெட்டிக்கு மாற்றிவிடுங்கள், பிளாஸ்டிக் பெட்டியாக இருந்தாலும் பரவாயில்லை, தனி விளக்கு மட்டும் இருக்கட்டும். எடை குறைந்திருந்தால் மருத்துவரைக் கேட்டு அந்தக் குளிர்காலம் உறங்க விடாமல் விளக்கிலேயே வைத்துத் தீனி போடலாம். வேறு வீட்டுக்கு அனுப்புவதை ஏப்ரலுக்குத் தள்ளிப் போடுங்கள். அனுப்பும்போது சான்றிதழோடு எடைக் குறிப்பு நோட்டையும், என்ன இலை தின்னும், எத்தனை வாரம் உறங்கும் என்று எழுதிய ஒரு தாளையும் கொடுத்தனுப்புங்கள்.